எங்கள் வீட்டுக்கு ஒரு டாக்டர்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

"ஏண்டி தங்கம், நீ டாக்டருக்குப் படிக்கப் போறியாமே? படிச்சு முடிச்சதும் முதல்ல என் முட்டிவலிக்கு ஒரு மருந்து கொடு!"

எங்கள் அப்பாயி இப்படிக் கேட்டதும் வீட்டில் இருந்த அனைவரும் சிரித்துவிட்டோம். சிரிக்காதவர்கள் இருவர்தாம். ஒருவர் என் அக்கா. மற்றவர் என் பெரியப்பா.

அக்கா என்றால் உடன்பிறந்த அக்கா அல்ல, பெரியப்பாவின் மகள். ஆனால் எங்கள் கூட்டுக் குடும்பத்தில் அந்த வேறுபாடு கிடையாது. தஞ்சைக்குக் கிழக்கே வெண்ணாற்றுப் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. குறுவையும் சம்பாவும் வந்தால் உண்டு, வராவிட்டால் கடன் என்ற நிலையில் வாழும் குடும்பம். அக்கா திருச்சியில் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர். அவருக்குக் கட்டணம் கட்ட இரண்டு முறை பெரியம்மாவின் வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அந்த அக்காவுக்குச் சென்ற டிசம்பர் மாதம் முதல் வாரத்தில் பெங்களூரில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அதுபற்றி எழுதவே இக்கட்டுரை.

அப்பாயியைப் போலவே நானும் ஒரு காலத்தில் டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் என்றே எண்ணியிருந்தேன். அக்காதான் விளக்கினார். இதுவரை யாரும் விடை காணாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஐந்தாறு ஆண்டுகள் அதனோடேயே உட்கார்ந்து, கண்டதை எழுதி அறிஞர்கள் முன் வைத்து, அவர்கள் ஏற்றுக்கொண்டால் அப்போதும் டாக்டர் பட்டம் உண்டு. தமிழில் முனைவர் என்கிறோம். அக்கா சேர விரும்பிய துறையின் பெயர் மென் பருப்பொருள் இயல். அதற்கு அடுத்த அறையில் இருப்பது போன்ற இன்னொரு துறை உயிர் ஒளியியல்.

"மென்பொருளா? கம்ப்யூட்டர் வேலைதானே?" என்றார் என் அப்பா.

"இல்லை சித்தப்பா. மென்பொருள் கம்ப்யூட்டருக்குள் இருப்பது. இது மென் பருப்பொருள். கல் போல் கெட்டியும் இல்லை, தண்ணீர் போல் ஓடுவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பவை. கஞ்சி, தயிர், சோப்பு நுரை, சேறு, இரத்தம், இவையெல்லாம்."

"கஞ்சியைப் படிக்கவா பெங்களூர் போகணும்?" என்று பெரியப்பா எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியப்பா மறுத்தபோது என் மனத்தின் ஒரு மூலையில் மகிழ்ச்சி ஏற்பட்டது. அக்கா போய்விட்டால் பொதுத் தேர்வு ஆண்டில் எனக்குக் கணக்குச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? அவர் வீட்டிலேயே இருந்துவிட்டால் நல்லதுதானே என்று எண்ணினேன். அன்றிரவு அக்கா விளக்கை அணைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுவதைக் கேட்டேன். அந்த மகிழ்ச்சி எனக்கே வெட்கமாகிவிட்டது. செபமாலை சொல்ல எடுத்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் பள்ளியில் மதிய இடைவேளையின்போது எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் சொன்னேன். சிஸ்டர் முதலில் ஒன்றும் கூறவில்லை. "ஜூலை மாதம் ஒளியியல் பாடம் நடத்தினேனே, நினைவிருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

மறக்க முடியுமா? அன்று சிஸ்டர் வகுப்பின் சன்னல்களை எல்லாம் சாத்தச் சொல்லி, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு, டார்ச் விளக்கை அடித்துக் காட்டினார். பக்கவாட்டில் பார்த்தவர்களுக்கு நீர் இலேசான நீலமாய்த் தெரிந்தது. விளக்குக்கு எதிர்ப்புறம் நின்றவர்களுக்கு ஒளி மஞ்சளாய்த் தெரிந்தது. பாலில் மிதக்கும் நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. மீதி ஒளி மஞ்சளாகி வெளிவருகிறது. பகலில் வானம் நீலமாகவும் மாலையில் அடிவானம் செம்மஞ்சளாகவும் இருப்பதற்கும் இதைப் போன்ற காரணமே என்றார் சிஸ்டர்.

சர் சி.வி. இராமனையும் இதே கேள்விதான் பிடித்துக்கொண்டது. அவர் 7-11-1888 அன்று திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். அவருடைய தந்தை வழி முன்னோர் நம் தஞ்சைப் பகுதியில் நிலம் வைத்துப் பயிர் செய்தவர்கள். 1921ஆம் ஆண்டு கப்பலில் சென்றபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு, கடல் ஏன் நீலம் என்று ஆராயத் தொடங்கினார். அதன் முடிவு 28-2-1928 அன்று கல்கத்தாவில் வந்தது. ஒரு திரவத்தின் மீது ஒரே நிறமுள்ள ஒளியைப் பாய்ச்சினால், சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்று அவர் கண்டார். உடன் உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன். 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த முடிவு வந்த பிப்ரவரி 28ஆம் நாளைத்தான் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

எவ்வளவு சிறு பகுதி? சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ ஒரு கோடிக்கு ஒன்று. இந்த ஒரு கோடி எனக்குப் புரியவில்லை. வீட்டில் ஆயிரம் நெல்மணிகளை எண்ணி எடைபோட்டேன். ஏறக்குறைய 20 கிராம் இருந்தது. அப்படியானால் ஒரு கோடி மணி 200 கிலோ. இருநூறு கிலோ நெல்லில் நிறம் மாறிய ஒரே ஒரு மணியைத் தேடுவதற்குச் சமமான வேலை அது! அப்போதுதான் இராமனின் பொறுமை எனக்கு விளங்கியது.

அந்த நிறமாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும். மனிதருக்குக் கைரேகை போல மூலக்கூறுகளுக்கு அது அடையாளம். ஆகவே இன்று உடலின் திசுவின் மீது ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு நலமான திசுவையும் புற்றுநோய்த் திசுவையும் பிரித்தறிய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. இதுவே உயிர் ஒளியியலின் ஒரு பகுதி. இதன் எளிய கருவி ஒன்றை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். 2021ஆம் ஆண்டு கொரோனாவின்போது என் தாத்தாவின் விரலில் ஒரு சிறு கிளிப்பை மாட்டி எண் பார்த்தார்கள். அது ஊசியின்றி ஒளியாலேயே அளக்கிறது. உயிர்வளி நிறைந்த இரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகவும் உறிஞ்சும். உயிர்வளி குறைந்த இரத்தத்துக்கு அது தலைகீழ். அந்த வேறுபாடே எண்ணாக வருகிறது. அந்த எண் 90க்குக் கீழே இறங்கிய இரவில் நாங்கள் முழங்கால்படியிட்டுச் செபித்ததையும், மறு வாரம் அது 96 ஆனதும் பூண்டி மாதா கோவிலுக்குப் போனதையும் நான் மறக்கமாட்டேன்.

இவற்றை நினைவூட்டிய பின் சிஸ்டர் எனக்கு ஒரு பெண்மணியின் கதையைச் சொன்னார். அவர் பெயர் அன்னா மணி. 1918இல் திருவிதாங்கூரில் பீர்மேட்டில் பிறந்தவர். எட்டாவது பிறந்த நாளுக்கு வீட்டார் வைரத் தோடு கொடுக்க வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வாங்கித் தாருங்கள் என்று கேட்ட சிறுமி. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940இல் பெங்களூரில் இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கையில் கொடுக்கப்பட்டவை எவை தெரியுமா, தோழியரே? வைரங்களும் மாணிக்கங்களுமே! காதில் போட அல்ல. ஒளியைப் பாய்ச்சி ஆராய. ஒரு படத்தகட்டில் ஒளி பதிய 15 மணி, 20 மணி நேரம்கூட ஆகும். சில இரவுகளில் ஆய்வுக்கூடத்திலேயே உறங்கியிருக்கிறார். 1942 முதல் 1945 வரை ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, 1945 ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்குத் தம் ஆய்வேட்டை அளித்தார்.

பட்டம் கிடைக்கவில்லை. எம்.எஸ்ஸி. பட்டம் இல்லாதவருக்கு முனைவர் பட்டம் தர இயலாது என்று கூறிவிட்டார்கள். அந்த ஆய்வேடு இன்றும் பெங்களூர் இராமன் ஆராய்ச்சிக் கழகத்தின் நூலகத்தில் இருக்கிறது. அவரோ சோர்ந்து உட்காரவில்லை. அரசு உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைக் கற்று, 1948இல் திரும்பி, வானிலைத் துறையில் சேர்ந்தார். மழை, காற்று, வெயில் ஆகியவற்றை அளக்கும் கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்றார். 2001இல் மறைந்தார்.

"பட்டத்தைக் கொடுக்காமல் இருக்க முடிந்தது. வேலையை எடுத்துக்கொள்ள முடியவில்லை" என்றார் சிஸ்டர். "உன் அக்காவுக்கோ எம்.எஸ்ஸி.யும் இருக்கிறது, அழைப்பும் இருக்கிறது. பெரியப்பாவுக்குக் கோபம் இல்லை, கவலை. கவலைக்கு விவரம்தான் மருந்து. விவரத்தைச் சொல்லுங்கள்."

அன்று மாலை நானும் அக்காவும் ஒரு தாளில் விவரங்களை எழுதினோம். பெரியப்பாவின் முதல் கவலை பணம். ஐந்து ஆண்டுகளுக்கு யார் செலவு செய்வது? ஆனால் அக்கா சி.எஸ்.ஐ.ஆர். – யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றிருந்தார். அந்தத் தகுதி உடையவர் ஆராய்ச்சியில் சேர்ந்தால் அரசே உதவித்தொகை தருகிறது. 2023ஆம் ஆண்டு உயர்த்தப்பட்டபடி முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பின்னர் 42,000 ரூபாய். இதைக் கேட்டதும் பெரியம்மா, "படிக்கிறதுக்குக் காசு கட்ட வேண்டாமா? அவங்களே தர்றாங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை! எத்தனை வீடுகளில் தெரியாமல் இருக்கிறதோ!

இரண்டாவது, இந்தத் துறைக்கு எங்கே இடம் உண்டு என்பது. சர் சி.வி. இராமன் 1948இல் தொடங்கிய கழகத்திலேயே மென் பருப்பொருளுக்கும், ஒளிக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. இராமனின் சகோதரி மகன் எஸ். சந்திரசேகர் அங்கே திரவப் படிகங்களை ஆராய்ந்தவர். (1983இல் நோபல் பரிசு பெற்ற விண்ணியல் அறிஞர் சந்திரசேகர் வேறு, அவர் இராமனின் அண்ணன் மகன்.) கடிகாரத்திலும் கால்குலேட்டரிலும் எண்களைக் காட்டுவது திரவப் படிகமே. அது முதன்முதலில் அறியப்பட்டது இராமன் பிறந்த அதே 1888இல். அதுவரை தெரிந்த திரவப் படிகங்களில் மூலக்கூறுகள் குச்சி போன்றவை. 1977இல் சந்திரசேகரும் சதாசிவாவும் சுரேஷும் நாணயம் போன்ற தட்டை மூலக்கூறுகள் தூண் தூணாக அடுக்கி நிற்கும் புதுவகையைக் கண்டு, 'பிரமாணா' என்னும் நம் நாட்டு இதழிலேயே வெளியிட்டார்கள். 1991இல் சந்திரசேகர் பெங்களூரில் தொடங்கிய மையம் இன்று நானோ மற்றும் மென் பருப்பொருள் அறிவியல் மையம் என்ற பெயரில் இயங்குகிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும், நம் தஞ்சையில் திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்திரா பல்கலைக்கழகத்திலும் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்யலாம்.

மூன்றாவது கவலையை யாரும் தாளில் எழுதவில்லை. "அந்த அன்னா மணி கல்யாணம் செய்துகிட்டாங்களா?" என்று பெரியம்மா கேட்டார். "இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. மணமாகிப் பிள்ளைகளோடு ஆராய்ச்சி செய்யும் பெண்களும் பலர் உண்டு என்று அக்காதான் பிறகு சமாளித்தார்.

பெரியப்பா எதற்கும் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் அவருக்குக் காபி எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். சம்பா பால் பிடித்திருந்த நேரம். பெரியப்பா ஒரு கதிரிலிருந்து மணியைக் கிள்ளி நசுக்கிப் பார்த்தார். வெள்ளையாய்ப் பால் வந்தது.

"பெரியப்பா, நான் இந்தப் பாலைத் தண்ணீரில் விட்டு டார்ச் அடித்துப் பார்க்கட்டுமா?" என்றேன்.

பத்துப் பதினைந்து மணிகளை அவரே கிள்ளித் தந்தார். மாட்டுத் தொழுவத்தின் இருட்டில் பார்த்தோம். மாட்டுப்பாலில் தெரிந்த நீலம் இதில் தெரியவில்லை, வெறும் வெண்மைதான். நான் ஏமாந்துபோனேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "நெல்லின் பாலில் இருப்பது மாவுத் துகள். அது பெரிது. பெரிய துகள் எல்லா நிறத்தையும் ஒன்றுபோல் சிதறடிக்கும். அதனால்தான் மேகமும் வெள்ளையாக இருக்கிறது" என்றார். பெரியப்பா தம்ளரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பால்தான் இறுகி அரிசியாகுது. அரிசி வெந்தா மறுபடி கஞ்சியாகுது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். மாலையில், "நான் கூட வர்றேன். டிக்கெட் போடு" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் இருவரும் மைசூர் வண்டியில் பெங்களூர் சென்றார்கள். நேர்முகத்தில் ஐந்து பேர் அமர்ந்து ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார்களாம். பல கேள்விகளுக்கு அக்கா நன்றாக விடை சொன்னார். கடைசியாக ஒருவர், "ஈரக் களிமண் காய்ந்தால் வெடிக்கிறது. மண் படிவு கனமாக இருந்தால் வெடிப்புகளுக்கு இடையே உள்ள தூரம் கூடுமா, குறையுமா?" என்று கேட்டார். அக்கா கரும்பலகையில் சமன்பாடு எழுதத் தொடங்கிப் பாதியில் தடுமாறிக் குறையும் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் வண்டியில் அக்கா சாப்பிடாமல் வந்திருக்கிறார். என்ன கேள்வி என்று பெரியப்பா கேட்டாராம். அக்கா சொன்னதும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "இது தெரியாதா உனக்கு? சேறு கனமா இருந்தா பாளம் பெரிசு பெரிசா வெடிக்கும். மெலிசா இருந்தா சில்லு சில்லா வெடிக்கும். மேட்டூர்த் தண்ணி வராத வருஷம் நம்ம வயல்ல பார்த்ததில்லையா? வாய்க்கால் ஓரத்துல வண்டல் மெலிசாப் படிஞ்ச இடத்துல அப்பளம் மாதிரி காய்ஞ்சு கிடக்குமே!" என்றாராம்.

அதுதான் சரியான விடை! நீர் வற்றும்போது களிமண் சுருங்கப் பார்க்கிறது. ஆனால் அடியில் தரையோடு ஒட்டியிருப்பதால் சுருங்க முடிவதில்லை. அந்த இழுவை தாங்காதபோது வெடிக்கிறது. படிவு கனமானால் பாளமும் பெரிதாகிறது. வறட்சியில் வயல் வெடித்தபோதெல்லாம் பெரியப்பா வரப்பில் நின்று பார்த்திருந்ததைத்தான் அந்த அறிஞர் கேட்டிருக்கிறார்.

"இதையா அஞ்சு வருஷம் படிக்கிறாங்க?" என்று பெரியப்பா கேட்டாராம். இதையும் படிக்கிறார்கள் என்று அக்கா சொன்னதும் வெகுநேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நீ படிக்கலாம்" என்றாராம்.

பொங்கலுக்கு முதல் நாள் முடிவு வந்தது. அக்காவின் பெயர் தேர்வுப் பட்டியலில் இல்லை. வீடே அமைதியாகிவிட்டது. அப்பாயிகூட முட்டிவலியைப் பற்றிப் பேசவில்லை. அப்போது பெரியப்பா அறுவடைக் கணக்கு நோட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "அடுத்த நேர்முகம் எப்போ?"

"மே மாசம், அப்பா."

"குறுவை நாற்று விடுறதுக்கு முந்தி போயிட்டு வந்துடலாம்."

இந்த ஜனவரி மாதம் மலருக்காக இதை எழுதிக் கொடுக்கும்போது அக்கா மீண்டும் புத்தகங்களோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கணக்கும் சொல்லித்தருகிறார். அவர் போய்விட்டால் என்ன செய்வேன் என்று இப்போது நான் நினைப்பதில்லை. அவர் போகவேண்டும் என்றே ஒவ்வோர் இரவும் அன்னை மரியாளிடம் வேண்டிக்கொள்கிறேன்.

அன்புத் தோழியரே! நம்மில் பலர் வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர்களிலிருந்து பேருந்தில் வருகிறோம். ஆராய்ச்சி என்றால் நமக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்று என்று எண்ணுகிறோம். கஞ்சியில் படியும் ஆடையும், சேற்றில் விழும் வெடிப்பும், வாய்க்கால் நீரின் கலங்கலும் உலக அறிஞர்கள் ஆராயும் கேள்விகளாக இருக்கின்றன. பெற்றோரே, பணம் இல்லை என்பதற்காக உங்கள் பெண்ணை நிறுத்த வேண்டியதில்லை என்பதை எங்கள் வீட்டில் தாமதமாகத் தெரிந்துகொண்டோம். நீங்கள் முன்னதாகவே தெரிந்துகொள்ளுங்கள்.

இறைவன் முதல் நாளில் ஒளியைப் படைத்தார் என்று தொடக்க நூலில் படிக்கிறோம். அந்த ஒளி ஒரு தம்ளர் பாலுக்குள் என்ன செய்கிறது என்று எனக்குக் காட்டிய என் சிஸ்டருக்கும், தொழுவத்தில் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்ற என் பெரியப்பாவுக்கும் நன்றி கூறி முடிக்கிறேன்.